மலையடிவாரத்துத் திராட்சை

கிள்ளைக்கும் திராட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். உப்பங்கழிகளும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளும் சூழ்ந்த அவ்வூர் மண்ணில் திராட்சைக் கொடி தழைக்காது என்பது உண்மையே. ஆயினும் அவ்வூரார் சிதம்பரம் கடைத்தெருவில் கருந்திராட்சை வாங்கும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையடியிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கின் பழம் அவர்கள் கைக்கு வந்து சேர்தல் கூடும்.

பன்னீர்த் திராட்சை என்று நாம் அழைக்கும் இவ்வினத்தை மேனாட்டார் மஸ்கட் ஹாம்பர்க் என்பர். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதனைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்று கூறுவர். 1895இல் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீர் அப்பள்ளத்தாக்கை வளப்படுத்தியது. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்பழத்திலிருந்து சிவப்பு ஒயின் வடிக்கலாம். ஆனால் ரசிகர்கள் புகழும் கனத்த சிவப்பு ஒயின் இதிலிருந்து கிடைப்பது அரிது. திராட்சைச் சாற்றுக்கு இயல்பாகப் பெரும்பாலும் நிறமில்லை. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குபவை. ஸ்பெயின் தேசத்துப் பிரியோராட் மலைப் பிரதேசத்தில் கொடிகள் பலகைக்கல் பிளவுகளினூடே வேரோடி, ஆண்டுக்கு ஒருமுறை சொற்பமாகக் காய்க்கின்றன. சிறுத்த பழத்தில் சாறு குறைவு, தோல் அதிகம். ஆகவே ஒயினும் கனக்கிறது. நமது கம்பத்திலோ குளிர்கால உறக்கம் என்பதே கொடிக்கு இல்லை. கவாத்து செய்து நான்கு திங்கள் காத்திருந்தால் பந்தல் நிறையப் பழம் தொங்கும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்.

இந்த வரமே சில வேளைகளில் சாபமாகிறது. பறித்த பழம் நெடுநாள் தாங்காது. வரத்து மிகுந்தாலோ, மழையில் பழம் வெடித்தாலோ, விலை விழுந்துவிடும்; கூலியும் மருந்துச் செலவும் விழுவதில்லை. ‘ஒயின் ஆலைகள் பெருகினால் எங்கள் துயர் தீரும்’ என்று குடியானவன் சொன்னால், அதை ஆசைப்பேச்சென்று தள்ளுவதற்கில்லை.

ஆனால் இது 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் அதனை விரித்த நாடு. 1971இல் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. எனினும் குடியால் குலைந்த குடும்பங்களின் கண்ணீரைக் கண்டவர்கள், இன்னொரு மதுவுக்கு வரவேற்புப் பத்திரம் வாசிக்கத் தயங்குவர். அத்தயக்கம் நியாயமானதே.

எனினும் ஒன்று சொல்வோம். மதுவை வேண்டாமென்பது எளிது. அதனால் குடியானவனுக்கு நேரும் நஷ்டத்தை யார் ஏற்பது? ‘ஒயின் வேண்டாம்’ என்று கூறும் சமூகம், பழத்தைக் காக்கும் குளிர்சாதனக் கிடங்கையும், சாறு பிழிந்து அடைக்கும் தொழிற்சாலையையும், நியாயமான கொள்முதலையும் அவனுக்குத் தந்தாக வேண்டும். பிரியோராட்டின் கதையும் இதையே உணர்த்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூச்சி நோயால் கொடிகள் அழிந்தபோது, மாற்று வழியற்ற மலைக் கிராமங்களை விட்டு ஜனங்கள் வெளியேறினர். நம் பந்தல்களின் கீழ் உழைப்போருக்கு அக்கதி நேர விடலாகாது. நற்போதனை பழத்தை அழுகாமல் காக்காது; நல்ல கிடங்கே காக்கும்.