தண்ணீருக்கும் இடம் வேண்டும்

திருவனந்தபுரத்தில் ஒரு மணி நேரம் கனமழை கொட்டினால் போதும். தம்பானூரிலும் சாலைக் கடைத்தெருவிலும் தண்ணீர் தேங்கிவிடுகிறது. கடை திறக்காத நாளில் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்குக் கூலி இல்லை. பழியை மழையின் மேல் போட்டுவிட்டு அதிகாரிகள் ஒதுங்கிவிட முடியாது.

இந்நகரம் குன்றுகளின் மேல் அமைந்தது. குன்றுகளுக்கிடையே இருந்த வயல்களும் சதுப்பு நிலங்களும் மழைநீரைத் தாங்கி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு அனுப்பி வந்தன. அவற்றில் பெரும்பகுதி இன்று கட்டிடங்களாகிவிட்டது. மேட்டில் விழும் மழை சிமெண்ட் முற்றங்களில் வழிந்து, ஒரே பாய்ச்சலில் பள்ளத்துக்கு வருகிறது. அரபிக்கடல் சூடேறி வருவதால், குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையும் பெருகியிருக்கிறது.

2015-ல் 'ஆப்பரேஷன் அனந்தா' என்ற பெயரில் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, கால்வாய்கள் தூர் வாரப்பட்டன. பலனும் தெரிந்தது. ஆனால் அந்த வேகம் நீடிக்கவில்லை. 2023 அக்டோபரில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம் பகுதி வீடுகளில் வெள்ளம் புகுந்தது. 2024 ஜூலை 13 அன்று, ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்தே உடல் கிடைத்தது. பொறுப்பு ரயில்வேக்கா, மாநகராட்சிக்கா என்ற வாதம் அதற்குள் தொடங்கிவிட்டது. ஓடும் தண்ணீருக்கு இலாகா எல்லை தெரியுமா?

தூர் வாருவது மட்டும் போதாது. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தைத் தளர்த்தாமல் அமல் செய்ய வேண்டும். மீதமுள்ள குளங்களையும் வயல்களையும் வெள்ளம் தங்கும் இடங்களாக ஒதுக்க வேண்டும். அரசு அலுவலக வளாகங்களில் தரை முழுவதும் கல் பதிப்பதை நிறுத்தி, மண்ணும் மரமும் விட வேண்டும். திருச்சூர் மாவட்டத்தில் செய்ததுபோல் கூரை நீரைக் கிணறுகளில் இறக்கலாம்.

வீடு கட்ட நிலம் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் வயலை மூடிக் கட்டிய வீட்டின் தண்ணீர் பக்கத்து ஏழையின் வீட்டுக்குள் அல்லவா போகிறது?

ஓடைக்கரைக் குடிசைகளை மட்டும் பிடுங்கிவிட்டு, ஓடையின் மேலேயே நிற்கும் பெரிய கட்டிடங்களை விட்டுவைப்பது நியாயமாகாது. குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு கொடுத்த பின்னரே அவர்களைக் கிளப்ப வேண்டும். மாநகராட்சி, ரயில்வே, பாசன இலாகா மூன்றும் ஒரே திட்டத்தில் கையெழுத்திட்டு, அடுத்த பருவமழைக்கு முன் வேலையைத் தொடங்குமா?