அந்தக் காலத்தில் ஊசியா போட்டார்கள்?

"அந்தக் காலத்தில் ஊசியா போட்டார்கள்? பிள்ளைகள் திடகாத்திரமாக வளரவில்லையா? சுத்தமும் சத்தான சாப்பாடும் இருந்தால் எந்த நோயும் அண்டாது." நன்றாகப் படித்தவர்கள் வாயிலிருந்தே இந்தப் பேச்சைக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் விக்டோரியா காலத்து லண்டன் மருத்துவமனைக் கட்டில் ஒன்று என் கண்முன் வந்து நிற்கிறது.

கட்டிலைச் சுற்றிக் கூடாரம்போலத் துணி கட்டியிருக்கிறது. கெண்டியிலிருந்து உள்ளே நீராவி வந்துகொண்டேயிருக்கிறது. படுத்திருப்பது நாலு வயதுக் குழந்தை. நோய், தொண்டை அடைப்பான், டிப்தீரியா. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில், பதனிட்ட தோல்போல ஒரு படலம் படர்ந்திருக்கிறது. பிய்த்தால் ரத்தம் வரும். அது மூச்சுக்குழல் வாயை அடைக்க அடைக்க, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்குகள் உள்வாங்கிக் குழிகின்றன. மருத்துவர் கழுத்தைக் கீறி வெள்ளிக் குழாய் ஒன்றைச் செருகுகிறார். அதன்பிறகு பாடு செவிலியுடையது. இரவு முழுக்கக் கண்கொட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, குழாய் அடைக்கும்போதெல்லாம் பறவை இறகை உள்ளே விட்டுச் சளியையும் படலத்தையும் எடுக்க வேண்டும். 1884-இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் சாமுவேல் ராபெத் என்ற இளம் மருத்துவர், இப்படி அடைத்துக்கொண்ட குழாயில் வாயை வைத்தே உறிஞ்சினார். நோய் தொற்றி அவரும் இறந்தார்.

மூச்சு திரும்பினாலும் கண்டம் நீங்கியதாகாது. கிருமியின் நஞ்சு இதயத்தைத் தாக்கும். காய்ச்சல் விட்டுச் சிரிக்கத் தொடங்கிய பிள்ளை, படுக்கையில் எழுந்து உட்கார்ந்ததும் சாய்ந்துவிடும். வாரக்கணக்கில் பிள்ளைகளை அசையாமல் படுக்கவைத்தது இதனால்தான்.

ஏழைப் பிள்ளைகள், சோறும் சுத்தமும் போதவில்லை என்பீர்கள். சரி, அரண்மனைக்குப் போவோம். விக்டோரியா ராணியின் மகள் ஆலிஸ், ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் வாழ்ந்தவர். செவிலியர் பணியை வளர்க்கச் சங்கமே கண்டவர். 1878 நவம்பரில் அவருடைய கணவரும் ஐந்து பிள்ளைகளும் தொண்டை அடைப்பானில் விழுந்தார்கள். நாலு வயது மேரி இறந்தாள். பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்த ஆலிஸும் டிசம்பர் 14 அன்று இறந்தார். வயது 35. அந்த வீட்டில் எந்தச் சத்து குறைந்தது? எந்தச் சுத்தம் குறைந்தது?

சுத்தத்தை நான் குறைத்துப் பேசவில்லை. லண்டனிலிருந்து காலராவை விரட்டியது நல்ல சாக்கடையும் நல்ல தண்ணீரும்தான். ஆனால் தொண்டை அடைப்பான் பெரும்பாலும் இருமலில், தும்மலில், முத்தத்தில் தொற்றுவது. சாக்கடைக் காற்றுதான் காரணம் என்று அன்றைக்கும் பலர் நம்பினார்கள். சாக்கடை சீரான பிறகும் பிள்ளைகள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நிலைமையை மாற்றியது குதிரைகளின் ரத்தத்திலிருந்து எடுத்த நச்சுமுறி சீரம். 1894-இல் பாரிஸில் எமில் ரூ ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் அதைச் செலுத்தினார். முன்பு நூற்றுக்கு 50-க்கு மேல் இறந்த இடத்தில் சாவு 24 ஆகக் குறைந்தது. சீரம் கிடைக்காத இன்னொரு மருத்துவமனையில் அதே மாதங்களில் நூற்றுக்கு 60 பேர் இறந்தார்கள். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே சாப்பாடு.

தடுப்பூசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது என்று அடுத்த தவணையை விட்டுவிடும் தாய்மாரின் பயம் எனக்குப் புரிகிறது. அழும் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தவர்களுக்குத்தான் அந்த இரவு தெரியும். அந்தப் பயத்தில் எண்ணெய் ஊற்றுகிறவர்கள்மேல்தான் என் கோபம். அவர்களுக்கு ஒரு கணக்கு. பிரிட்டனில் 1940-இல் 61,000-க்கு மேற்பட்டவர்களுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது; 3,283 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுதான் நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1957-இல் நோய் கண்டவர்கள் 38 பேர், இறந்தவர்கள் ஆறு பேர். இடைப்பட்ட காலத்தில் பிரிட்டிஷ் பிள்ளைகள் என்ன விருந்தா சாப்பிட்டார்கள்? குண்டு விழுந்த தெருக்களில், வெண்ணெயும் சர்க்கரையும் அளந்து கொடுத்த ரேஷன் வரிசையில் அம்மாவோடு நின்று வளர்ந்தார்கள்.