தண்ணீர்ப் பதிவேட்டில் ஒரே மை

போன வாரம் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, அடுத்தது பாய்லர் துருவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். கூட வந்த நண்பர் சிரித்தார். "கிளார்க்கா இருந்த உங்களுக்குப் பாய்லரைப் பத்தி என்ன சார் தெரியும்?"

நியாயமான கேள்வி. நான் பொறியாளன் அல்ல. ஆனால் தொழிற்சாலைக் கோப்புகள் வந்துபோகும் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். அங்கே ஒரு விஷயத்தைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் பள்ளிக்கூடக் கதை. எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். பாய்லர் என்பது 'ஷோதியேர்', துரு என்பது 'ரூய்'. ஒருநாள் முசியே கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் வைத்துச் சூடாக்கினார். கொதிக்கும் முன்பே சின்னச் சின்னக் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. "ஸே லேர்" என்றார். அதாவது, அது காற்று. தண்ணீரில் கரைந்திருந்த காற்று.

பாய்லரைத் தின்பது முக்கியமாக அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன்தான். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அது இரும்பை எங்கும் சீராக அரிப்பதில்லை. அங்கங்கே ஊசி குத்தியது போலக் குழி பறிக்கும். குழாய் வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே ஓர் இடத்தில் காகிதமாகியிருக்கும்.

தடுக்கும் வழி புதிதல்ல. பாய்லருக்குள் விடும் தண்ணீரை முன்கூட்டியே 90 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஆக்சிஜனில் பெரும்பகுதி வெளியேறிவிடும். மீதியைச் சோடியம் சல்பைட் பிடித்துக்கொள்ளும். ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு சல்பைட். பாய்லர் தண்ணீரின் காரத்தன்மை, அதாவது பி.எச்., சிறிய பாய்லர்களில் 11-ஐ ஒட்டி இருக்கவேண்டும். நம் கடலோரக் கிணறுகளின் உப்புத் தண்ணீருக்கு இன்னொன்றும் உண்டு. சாஃப்ட்னர் கடினத்தன்மையை எடுக்குமே தவிர உப்பை எடுக்காது. ஆவி போகப்போக உள்ளே உப்பு ஏறும். அதை அவ்வப்போது அடியிலிருந்து திறந்துவிட்டாக வேண்டும்.

இதெல்லாம் தினசரி வேலை. இப்போது கோப்புக்கு வருகிறேன்.

ஒரு தொழிற்சாலையின் கோப்போடு தண்ணீர்ப் பதிவேட்டின் நகலும் வந்தது. மூன்று மாதம், தினமும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் பி.எச். 11.0. ஒரு நாள் கூட 10.8 இல்லை, 11.2 இல்லை. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் எழுதியது என்று எந்தக் குமாஸ்தாவும் சொல்லிவிடுவான். நானும் கண்டுகொண்டேன். ஆனால் என் வேலை பக்கங்களை எண்ணுவது. எண்ணினேன், முத்திரை குத்தினேன், மேலே அனுப்பினேன்.

சில மாதம் கழித்து அதே தொழிற்சாலையின் பெயரில் இன்னொரு கோப்பு வந்தது. குழாய் வெடித்துப் பாய்லர்மேனுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டன. நஷ்டஈட்டு மனுவோடு மனைவியும் கூட வந்திருந்தார். கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர். அன்று பேனாவைப் பிடிக்க முடியவில்லை. நான் ஏதாவது சொல்லியிருந்தால் நின்றிருக்குமா? தெரியாது. சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

1923-ஆம் ஆண்டு கொதிகலன் சட்டத்தை நீக்கிவிட்டு 2025-இல் புதிய சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் எந்தச் சட்டத்திலும் ஆய்வாளர் வருவது ஆண்டில் ஓரிரு நாள். மற்ற நாளெல்லாம் பாய்லரைக் காப்பது அந்தப் பதிவேடுதான். அது பொய்யென்றால் சான்றிதழும் பாதிப் பொய்.

ஒரு பழைய குமாஸ்தாவாக என் யோசனை இரண்டு. ஒன்று, பதிவேட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள். சல்பைட் வாங்கிய ரசீதோடு சேர்த்துப் பாருங்கள். தினமும் மருந்து போட்டதாக எழுதிவிட்டு ஆண்டு முழுக்க ஒரே மூட்டை வாங்கியிருந்தால் கணக்கு தானே பேசும். இரண்டு, ஆலை மூடிக்கிடக்கும் நாட்களில் பாய்லரை எப்படி வைத்திருந்தார்கள் என்றும் எழுதச் சொல்லுங்கள். பாதித் தண்ணீரோடு சும்மா கிடக்கும் பாய்லர், ஓடுகிற பாய்லரைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். சில நாளென்றால் மருந்து கலந்த தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடவேண்டும். பல மாதமென்றால் முழுக்க வடித்து, உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்பைத் தட்டுகளில் உள்ளே வைத்து மூடவேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு குழாய் மாற்றும் செலவுக்கு முன்னால் தூசு.

இதைப் படிக்கிறவர்களில் பலர் வீட்டிலும் பிள்ளையோ மருமகனோ ஆலையில் இருப்பார்கள். அரிசி ஆலையோ, சாயப்பட்டறையோ, பால் பண்ணையோ, ஆவி உள்ள இடம் எதுவானாலும் சரி. இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க பாய்லர் தண்ணியை யாருப்பா தினமும் சோதிக்கிறது?"

பதில் சொல்ல அவர்கள் யோசித்தால், விடாதீர்கள்.