உள்ளதைச் சொல்லுதல் நன்று

‘மமோகிராம் படத்தில் நோய்க்குறி எதுவும் காணப்படவில்லை.’ இப்படி ஒரு கடிதம் வந்தால், பல நாட்களாகப் பெண்ணொருத்தியின் நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கிவிடும். ஆனால், படத்தில் காணப்படவில்லை என்பதும் உடலில் இல்லை என்பதும் ஒன்றாகுமா? இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட வினா இதுவே.

அமெரிக்காவின் கனெக்ரிக்கற் மாநிலத்தில் நான்சி கப்பெல்லோ என்றொரு மாது இருந்தார். ஆண்டு தவறாமல் மமோகிராம் எடுத்து, ‘குறையொன்றுமில்லை’ என்ற விடையைப் பெற்று வந்தவர். அத்தகைய விடையொன்று கிடைத்துச் சில வாரங்களே சென்றிருக்க, அவருடைய வைத்தியரின் கையில் ஒரு தடிப்பு தட்டுப்பட்டது. மீண்டும் எடுத்த மமோகிராமும் ஒன்றையும் காட்டவில்லை. அல்ட்ராசவுண்ட் பரிசோதனையே புற்றுநோயைக் காட்டிக்கொடுத்தது. 2004 ஆம் ஆண்டில் நோய் உறுதியானபோது, அது நிணநீர்க் கணுக்கள் 13க்குப் பரவியிருந்தது.

“இத்தனை ஆண்டுகளாக ஏன் தெரியவில்லை?” என்று அவர் வினவினார். அவருடைய மார்பகம் அடர்த்தி மிக்கது என்பதே விடை. வைத்தியர்கள் அறிந்திருந்த அச்செய்தியை அவரிடம் மாத்திரம் எவரும் கூறியிருக்கவில்லை!

அடர்த்தி என்பது யாது? மார்பகத்தில் கொழுப்பும் உண்டு. பால் சுரப்பிகளும் நார்த்திசுக்களும் உண்டு. எக்ஸ்றே படத்தில் கொழுப்பு கருமையாகவும், ஏனையவை வெண்மையாகவும் தோன்றும். புற்றுக் கட்டியும் வெண்மையாகவே தோன்றும். கரும்பலகையில் வைத்த முல்லைப்பூ உடனே கண்ணிற்படும். பஞ்சுக் குவியலில் விழுந்த முல்லைப்பூவை எளிதிற் காண முடியுமா? இதனைக் கையால் தொட்டு அறிய இயலாது, படமே காட்டும். வைத்தியர்கள் அடர்த்தியை நான்கு படிகளாக வகுப்பர். அமெரிக்காவில் 40 வயதைக் கடந்த பெண்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் மேலிரு படிகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே, இது நோயன்று, இயல்பே. எனினும், நோய் தோன்றும் வாய்ப்பையும் அது ஓரளவு கூட்டுகிறது.

கப்பெல்லோ அம்மையார் சோர்ந்துவிடவில்லை. சட்டசபையின் கதவைத் தட்டினார். 2009 இல் கனெக்ரிக்கற் மாநிலம், அடர்த்தியைப் பெண்ணுக்கே அறிவிக்க வேண்டுமெனச் சட்டமியற்றியது. 2018 இல் அவர் மறைந்தார். 2024 செப்டெம்பர் 10 முதல் அமெரிக்கா முழுவதற்குமே அது விதியாயிற்று. அடர்த்தி உண்டா இல்லையா என்பதை, யாவர்க்கும் விளங்கும் மொழியில் கடிதமே கூறவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘அடர்த்தி’ என்ற ஒரு சொல்லை மாத்திரம் எழுதி அனுப்பினால், பெண் வீணே கலங்குவாள். மேற்பரிசோதனைகளும் நன்மையை மாத்திரம் தருவனவல்ல. ஒல்லாந்தில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2019 இல் வெளியாயிற்று. அடர்த்தி மிகமிகக் கூடிய பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் அளித்தபோது, இரு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வெளிப்படும் புற்றுநோய் 1000 பேருக்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. ஆனால், எம்.ஆர்.ஐ. செய்துகொண்டோரில் 1000க்கு ஏறத்தாழ 80 பேர், நோயில்லாதிருந்தும் மேலும் சோதிக்கப்பட்டு அல்லற்பட்டனர். இத்தகைய மேற்பரிசோதனைகள் உயிரிழப்பைக் குறைக்கின்றனவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அதற்காக உண்மையை மறைப்பது முறையாகாது. அதனை விளக்கத்தோடு சொல்வதே முறை. உடல் யாருடையதோ, அறியும் உரிமையும் அவருடையதே.

சகோதரிகளே, மமோகிராம் எடுத்துக்கொண்டால், “என் மார்பகத்தின் அடர்த்தி எப்படி?” என்று வைத்தியரிடம் கேளுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திருந்தால் அதனையும் கூறி, மேற்பரிசோதனை வேண்டுமா என ஆலோசியுங்கள். அடர்த்தி உண்டென்று மமோகிராமைக் கைவிடாதீர்கள். அடர்த்தி மிக்கவரிடத்தும் அது பல புற்றுக்களைக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் கட்டியொன்று தட்டுப்பட்டால், ‘படம் நன்றாயிருந்ததே’ என்று வாளாவிருந்துவிடாதீர்கள். அன்றே வைத்தியரை நாடுங்கள். படம் காட்டாததைக் கை காட்டியதும் உண்டு.