பதினஞ்சு வயசுக்காரனுக்கு நூலகத்தில் எந்த நாற்காலி?

பத்தாம் வகுப்பு முடித்த லீவில் எங்கள் ஊர் கிளை நூலகத்துக்குப் போனேன். பெரியவர்கள் மேஜையில் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் ஒருவர் வந்தார். "தம்பி, எந்த எக்ஸாமுக்குப் படிக்கிறே?" எதுக்கும் இல்ல சார், சும்மா படிக்க வந்தேன் என்றேன். "அப்போ சின்னப் பசங்க பக்கம் போய் உட்காரு." போனேன். முயல், ஆமை, சிங்கம். நாற்காலி என் முழங்கால் உயரம்கூட இல்லை. பத்து நிமிஷத்தில் வீடு வந்து சேர்ந்தேன். அப்புறம் மூன்று வருஷம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

சொந்தக் கதை சோகக் கதை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அதற்கப்புறம் நான் போன எல்லா கிளை நூலகத்திலும் இதே ரெண்டு கூட்டம்தான். ஒரு பக்கம் சின்னக் குழந்தைகள், இன்னொரு பக்கம் டிஎன்பிஎஸ்சி அண்ணன் அக்காக்கள். நடுவில் இருக்கிற 13லிருந்து 18 வயசு வரை எங்கே போனார்கள்? பஸ் ஸ்டாண்டுக்கும் டீக்கடைக்கும் போனார்கள். இப்போது செல்போனுக்கும் போயிருக்கிறார்கள்.

பி.காம். படிக்கிறவன் என்பதால் கொஞ்சம் கணக்கு. சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் ஊரில்தான், 1948ல். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்கு மூல காரணம். அந்தச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. 2,000 ரூபாய் வரி கட்டுகிற வீடு 200 ரூபாய் நூலகத்துக்குக் கொடுக்கிறது. வாடகை வீட்டுக்காரரும் வாடகையில் சேர்த்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆக, பணம் வாங்கியாயிற்று. அந்த வீட்டுப் பதினஞ்சு வயசுப் பையனுக்கு என்ன கொடுத்தீர்கள்?

இதைக் கோபமாகக் கேட்கக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் வகுப்பறையிலேயே சக மாணவனை வெட்டினான். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்லது, செய்யுங்கள். கையில் இருக்கிற கயிறை வாத்தியார் அவிழ்த்துவிடுவார். மண்டைக்குள் இருக்கிற கயிறை யார் அவிழ்ப்பது?

2015 சிறார் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்றம் செய்த 16 வயசுக்காரனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்க முடியும். தண்டிக்கும்போது பெரியவன், நூலகத்தில் மட்டும் முயல் ஆமையா?

அமெரிக்காவில் சியாட்டில் நகர நூலகம் 1998ல் ஒரு வேலை செய்தது. ஊரே ஒரே புத்தகத்தைப் படித்து, ஒன்றாக உட்கார்ந்து பேசுவது. 2001ல் சிகாகோவும் அதைச் செய்தது. அங்கே எடுத்த நாவல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. நிறவெறி உள்ள ஊர், நிறவெறி பற்றிய நாவலைத்தான் எடுத்தது. நாமாக இருந்தால் தன்னம்பிக்கைப் புத்தகம் எடுத்திருப்போம் :-)

நம்மிடம் புத்தகம் இல்லையா? பூமணியின் 'வெக்கை' 1982லேயே வந்துவிட்டது. பதினஞ்சு வயசுப் பையன் ஒருவன் கொலை செய்துவிட்டு அப்பாவோடு காடு காடாக ஒளிகிற கதை. அதை வைத்து எடுத்த 'அசுரன்' 2019ல் வந்தபோது தியேட்டரில் நானும் விசில் அடித்தேன். நாவலைப் படித்தபோது விசில் வரவில்லை. வெட்டுவதற்கு ஆகிற நேரம் கொஞ்சம். மிச்சப் புத்தகம் முழுக்கப் பசி, பயம், பிரிந்துபோன குடும்பம். இதைத்தான் அந்த வயசுப் பசங்க ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.

"கொலைக் கதையைக் கொடுத்தால் பையன் கெட்டுப்போவான்" என்பார்கள். சாமி, அவன் கையில் இருக்கிற ரீல்ஸில் அரிவாளும் சாதிப் பாட்டும் ஏற்கெனவே ஓடுகிறது. அதைத் தனியாகப் பார்க்கிறான். இதையாவது நாலு பேரோடு பேசட்டும். "ஒரு நாவல் அரிவாளைத் தடுக்குமா?" என்றும் கேட்பார்கள். தனியாகத் தடுக்காது. ஆனால் வேறு தெருப் பையனோடு பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் சண்டை போட்டுப் பேசியவனுக்கு, அந்தத் தெரு வெறும் எதிரித் தெருவாக இருக்காது. இப்போது அப்படி உட்கார ஊரில் வேறு எந்த இடம் இருக்கிறது? கோயில் திருவிழாவே ஆளுக்கொரு பக்கம்.

செலவையும் பாருங்கள். ஒரு பிரதி 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 பிரதி 5,000 ரூபாய். மேலே சொன்ன மாதிரி 25 வீட்டின் நூலக வரி. மாசம் ஒரு ஞாயிறு, ஒரு மேஜை, பேசத் தெரிந்த ஒரு ஆள். அவ்வளவுதான். மதுரையில் 2023ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள், சந்தோஷம். ஆனால் கிராமத்துப் பையன் சைக்கிளில் போகிற தூரத்தில் இருப்பது கிளை நூலகம்தான்.

நூல்கள் பயன்படுத்தவே என்பது ரங்கநாதன் 1931ல் எழுதிய முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. அந்த 'ஒவ்வொரு'வில் பதினஞ்சு வயசும் உண்டு. அடுத்த ஞாயிறு உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், அந்த வயசுக்காரன் உட்கார எந்த இடம் என்று கேளுங்கள். நானும் கேட்கப் போகிறேன். எந்த எக்ஸாமுக்கு என்று கேட்டால், இந்தத் தடவை எழுந்து போகமாட்டேன்.