குழியை மூடினால் போதுமா?

மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்து கொண்டிருந்த வேளையில் ஒரு மாணவன் மட்டும் தயங்கி நின்றான். அவனுடைய தந்தை துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் தளத்தில் பணிபுரிபவர்.

"ஹஜ்ரத், இவ்வளவு கரியையும் தோண்டி எடுத்த இடத்தில் இப்போது என்ன இருக்கும்?" என்று கேட்டான்.

"பெரிய குழி இருக்கும். பிறகு மண்ணைப் போட்டு மூடி மரம் நடுவார்கள்" என்றேன்.

"அப்படியென்றால் அங்கே கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வருமா?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே கற்பிப்பவனுக்கு அழகு. அவ்வாறே சொல்லி அனுப்பிவிட்டு, அக்கேள்வியைத் தொடர்ந்து சென்று அறிந்தவற்றையே இம்மாதம் வாசக நேயர்களின் முன் வைக்கிறேன்.

தூத்துக்குடிவாசிகளாகிய நாம் கரியைக் கப்பலில் மட்டுமே காண்கிறோம். ஒடிசாவின் தால்ச்சர் பகுதிச் சுரங்கங்களில் வெட்டப்படும் கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி நம் கரையை அடைகிறது. இங்கே எரிந்து நம் வீட்டு விளக்காகிறது. 2015ஆம் ஆண்டு இங்கு மின்னுற்பத்தியைத் தொடங்கிய தலா 500 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகள், நெய்வேலி நிறுவனமும் தமிழக மின்துறையும் கூட்டாக அமைத்தவை. ஆகவே சுரங்கத்தின் கதையை அறிய நாம் ஒடிசா வரை செல்ல வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்து நெய்வேலியே போதும்.

நெய்வேலியில் கரி இருப்பதை முதலில் காட்டிக் கொடுத்தது தண்ணீர்தான் என்பது வியப்புக்குரிய செய்தி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழாரின் நிலத்தில் தோண்டிய ஊற்றுக் கிணற்று நீரோடு கரிய துகள்கள் வெளிவந்தன. அதுவே தொடக்கம். 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தென்பட்டது.

அப்படுகைக்கு அடியில் மணலடுக்கில் நீர் அடைபட்டுக் கிடக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்துகிறது. மேலிருக்கும் மண்ணை அகற்றிவிட்டால் சுமை குறையும். அடிநீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்து மேலெழும். ஆதலால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைத்த நீர் மின் நிலையங்களுக்கும் பாசனத்திற்கும் பயன்படுகிறது; சென்னை மாநகரம் தாகத்தால் தவித்த காலங்களில் அங்கும் சென்றிருக்கிறது. இந்நன்மையை மறைப்பது நியாயமாகாது. எனினும் ஓரிடத்தில் இறைத்தால் சுற்றுப்புறத்தில் மட்டம் தாழும் என்பதையும் மறைக்க இயலாது.

கரி எடுத்து முடிந்த பகுதியில் பழைய மண்ணையே கொட்டி நிரப்புகிறார்கள். மரங்கள் வளர்கின்றன, பயிரும் விளைகிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் காயம் ஆறிவிட்டது போலவே தோன்றும். ஆனால் களிமண், மணல், பாறை என்று இயற்கை அடுக்கி வைத்திருந்த ஒழுங்கு அங்கே இல்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. பெய்யும் மழை முன்பு இறங்கிய வழியில் இறங்காது. இறைப்பதை நிறுத்தியபின் நீர்மட்டம் அந்தக் கலவை மண்ணுக்குள் மெல்ல மெல்ல ஏறும். பல்லாண்டுகள் கழித்தே அது ஓர் நிலைக்கு வரும். மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருந்தால், காற்றும் நீரும் பட்டு அமிலம் உண்டாகும். சல்பேட் உப்பும் உலோகங்களும் நீரில் கரையும். நிலம் பசுமையாக இருக்கும்போதே கிணறு கெட்டுப்போகக் கூடும்.

அப்படியானால் உண்மையை அறிவது எப்படி? தோண்டுவதற்கு முன்பே ஊர்க் கிணறுகளின் மட்டத்தையும் சுவையையும் உப்பளவையும் எழுதி வைத்திருக்க வேண்டும். முதற்கணக்கு இல்லையேல் பின்னர் நட்டத்தை எதனோடு ஒப்பிடுவது? அதன்பின் நிரப்பிய மண்ணிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, கோடையிலும் மழைக்காலத்திலும் தவறாமல் அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி சுரங்க நிறுவனம் முன்கூட்டியே பிணைத்தொகை கட்டுகிறது. இறுதியாக விதைத்த பின் குறைந்தது 5 ஆண்டுகள், மழை குறைந்த பகுதியாயின் 10 ஆண்டுகள் கடந்து, சீரமைப்பு நிறைவேறியதென்று காட்டினால்தான் முழுத்தொகையும் திரும்பும். பிறர் கிணறு பாழானால் மாற்று நீர் தரவேண்டிய கடமையும் உண்டு. நம் நாட்டிலும் 2009 முதல் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும், அதற்கென நிறுவனம் தன் விருப்பப்படி எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கும் கட்டாயம். விதி இருக்கிறது. மரங்களை எண்ணுவது போல் கிணறுகளையும் அளந்து பார்த்த பிறகே பணத்தை விடுவிக்கிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2023இல் நெய்வேலி வட்டார நீரும் மண்ணும் மாசுபட்டிருப்பதாகப் 'பூவுலகின் நண்பர்கள்' முதலிய அமைப்புகள் அறிக்கை வெளியிட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்ததும் இக்கேள்வியின் அவசரத்தை உணர்த்துகின்றன.

முன்கூட்டி அளப்பது நம் கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன், முத்துப்பார்களில் ஆட்களை இறக்கி மாதிரிச் சிப்பிகள் எடுத்து எண்ணுவார்கள். அவற்றில் கண்ட முத்துக்களை விலை மதிப்பார்கள். சிப்பி முதிரவில்லையெனில் அவ்வாண்டு குளிப்பு இல்லை. அத்தனை கவனத்திற்குப் பிறகும், 1961க்குப் பின் இங்கே பெருங்குளிப்பு நடைபெறவில்லை. ஒருமுறை குலைந்தது தானாகவே மீண்டு வரும் என்று நம்பியிருக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிணறு உவர்ந்துவிட்டால் ஒரு குடும்பம் படும் பாட்டை, குடமெடுத்து நெடுந்தூரம் நடந்த நம் தாய்மார்கள் அறிவார்கள். நம் வீட்டு விளக்குக்காக வேறெங்கோ ஒரு தாய் அவ்வாறு நடக்க நேரிடலாகாது. அடிநீர் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைத் திருப்பித் தரும்போது அளந்துதானே தர வேண்டும்?

மறுவாரம் அம்மாணவனை அழைத்து, "தண்ணீர் வரும், தம்பி. அது நல்ல தண்ணீரா என்பதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்" என்றேன்.

அவன் சற்று யோசித்துவிட்டு, "யார் அளக்கிறார்கள், ஹஜ்ரத்?" என்றான்.

நாம் அனைவரும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.