விடுதியில் விடலாமா?

எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால் கம்போங் மேடானில் பெற்றோர் என்னிடம் கேட்பது இதுதான்: "வயசுப் பொண்ண வெளியூர் விடுதியில விடலாமாண்ணே?"

பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதே ஊர்ப்பேச்சாக இருந்த 1914-இல், சென்னை மெரினா கடற்கரை எதிரே, கேப்பர் மாளிகையில் 37 மாணவிகளோடு ஒரு மகளிர் கல்லூரி தொடங்கியது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. 1917-இல் அதற்கு ராணி மேரி கல்லூரி என்று பெயர் வந்தது.

2003-இல் தலைமைச் செயலகம் கட்ட அந்த இடத்தை எடுக்க அரசு முனைந்தது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். கல்லூரி இன்றும் அங்கேயே நிற்கிறது.

சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து படித்த பிள்ளைகளுக்குத்தான் சேர்ந்து நிற்கவும் தெரியும். வீட்டுக்குள் வைத்து அதைக் கற்றுக்கொடுக்க நம்மால் ஆகாது.

இடம் கிடைத்தால் தயங்காமல் அனுப்பி வையுங்கள்.